வாரத்துக்கு ஒன்று

செர்பியாவில் லாரிகள் நிற்குமிடம். கம்பெனிக்குப் புதிதாய் வந்த பிளாமென், சீனியர் டிரைவர் ருமெனின் செல்போனுக்குத் தன் நெட்டைப் பகிர்ந்தான்.

"புது கார்டுண்ணே. எல்லை தாண்டினாலும் மலிவுதான். அண்ணி பேசி அனுப்பினதையெல்லாம் கேட்டுத் தள்ளு!"

ருமென் ஒன்றை மட்டும் திறந்தார். "குடைமிளகாய் சுட்டு வச்சிருக்கேன். எங்க வந்துட்டிருக்கீங்க?" என்றது பெண் குரல். போனை மூடிவிட்டார்.

"இன்னும் நாற்பது கிடக்கே! ஓசி நெட்லயுமா கஞ்சத்தனம்?"

"அப்பல்லாம் எல்லை தாண்டினதும் நெட்டை அணைச்சிடுவேன். வீட்டுக்குப் போனதும், அதான் நேர்ல வந்துட்டோமேன்னு கேக்காமலே விட்டுட்டேன்டா."

"இப்பக் கேளேன்!"

"வாரத்துக்கு ஒண்ணுதான். தீர்ந்துபோனா, புதுசா அனுப்ப அவ இல்லையே."