போகத் தகுந்த ஊர்

ஐப்பசி பிறந்தும் ஹூஸ்டனை அடுத்த சுகர் லேண்டில் வெம்மை தணியவில்லை. கார்முகில் திரளாத, மண் மணக்காத, பெயரளவிலான ஐப்பசி அது. விடைபெற வேண்டிய கோடை, எழுந்து செல்லவும் வலுவின்றி, கண்ணாடிக் கட்டடங்களின்மேல் காலையிலேயே சாய்ந்து கிடந்தது.

அவற்றுள் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், அந்தக் கோடையினும் ஓய்ந்துபோய் அமர்ந்திருந்தார் நஞ்சுண்டன். முகம் மழிக்கப்படாமல் இருந்தது. ஊழியர்கள் செல்லவிருக்கும் நாடுகளின் ஆபத்தை எடைபோட்டு, போகலாம், கூடாது என்று தீர்ப்பளிப்பது அவர் பணி.

"நைஜீரியா போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க அங்கிள்!"

கையில் காபியோடு உள்ளே வந்தாள் தென்றல். ஹூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த இளம் பொறியாளர். இரண்டாண்டுகள் உழைத்து அவள் வடிவமைத்த பம்ப், அடுத்த வாரம் அந்நாட்டுக் கடலில் பொருத்தப்பட இருந்தது. இன்று இவர் இசையாவிட்டால் அவளுக்குப் பதில் வேறொருவர் போவார். அவள் தாய் வசந்தாமணியும், நஞ்சுண்டன் சொன்னால்தான் அனுப்புவேன் என்று உறுதியாகச் சொல்லியிருந்தாள்.

"உக்காரு கண்ணு. ஏர்போர்ட்ல இருந்து யாரு கூட்டிட்டுப் போறாங்க?"

"கம்பெனி கார். முன்னாடி ஒரு எஸ்கார்ட் வண்டி."

"அந்த வண்டி வரலைன்னா?"

"ஒரு டாக்ஸி பிடிச்சு..."

நஞ்சுண்டனின் புருவம் உயர்ந்தது.

"ஜோக், அங்கிள்! ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர மாட்டேன். உங்களுக்கு கால் பண்ணுவேன்."

"இருட்டினதுக்கு அப்புறம்?"

"ரோட்ல காலே வைக்க மாட்டேன். மலேரியா மாத்திரை ஸ்டார்ட் பண்ணிட்டேன். யெல்லோ ஃபீவர் ஊசியும் போட்டாச்சு. அம்மாதான் டெய்லி கிட்நாப் வீடியோவா ஃபார்வர்ட் பண்றாங்க. அதுவும் பக்கத்து ரூம்ல இருந்து!"

"அம்மா பயப்படறது தப்பில்ல. கடத்தல் நடக்குதுதான். ஆனா போற ரோடு, தங்குற இடம், கூட வர்ற ஆளு, எல்லாம் நமக்குத் தெரியும். தெரிஞ்ச ஆபத்துக்கு ஒரு வழி பண்ணலாம். தெரியாததுக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

நெடுமூச்சொன்று விட்டு, கணினியில் தம் ஒப்புதலைப் பதிந்தார்.

"போலாம் கண்ணு."

"தேங்க் யூ அங்கிள்! இந்தாங்க, காபி உங்களுக்குத்தான்."

"இன்னைக்கு வேண்டாம்."

"இவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே, நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அடப்பாவமே! எங்களையெல்லாம் பேக் பண்ணி அனுப்பிட்டு, நீங்க மட்டும் சேஃபா சுகர் லேண்ட்லயா? அவ்ளோ பயமா?"

"அங்க போறதுக்குப் பயமில்ல கண்ணு. இங்க திரும்பி வர்றதுக்குத்தான்."

தென்றல் விழித்தாள்.

"நீ இந்த ஊர்ப் பொண்ணு, உனக்கு அந்தக் கவலையில்ல. என்னோட விசா ஸ்டாம்ப் முடிஞ்சு போச்சு. வெளிய போனா மறுபடி ஸ்டாம்ப் பண்ணித்தான் உள்ள வரணும். அதுக்கு ஒரு மாசமா, ஒரு வருஷமா, யாரும் சொல்ல மாட்டாங்க. கிரீன் கார்டு க்யூவும் நகரக் காணோம். எம் பொண்ணு ஓவியா இன்னும் ஸ்கூலே முடிக்கல."

"சாரி அங்கிள். நான் சும்மா கலாய்ச்சேன்."

"அதுக்கென்ன. நீ கிளம்பு, அம்மாகிட்டச் சொல்லு."

வாசல்வரை சென்றவள் திரும்பி வந்தாள். "மறந்தே போச்சு. அங்கிள் ஓகே சொன்னா, கால்ல விழுந்து பிளெஸ்ஸிங் வாங்கணும்னு அம்மா ஆர்டர்."

அவள் குனிவதற்குள் நஞ்சுண்டன் பதறி விலகினார்.

"என்னைத் தொடாத கண்ணு. தீட்டு."

"தீட்டுன்னா?"

அவர் காலணிகளைக் கழற்றினார். அப்போதுதான் ஞாயிறு எழுந்திருந்த கீழ்த்திசைச் சாளரத்தை நோக்கி நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் குவித்தார். இமைகள் மூடின, உதடுகள் மட்டும் ஏதோவொரு பதிகத்தை ஓசையின்றி ஓதின.

"ஊர்ல, கோபியில இப்பப் பொழுது சாயுது," என்றார் மெல்ல. "எங்கப்பாவுக்கு என் தம்பி கொள்ளி வெக்கிற நேரம்."

பிறகு, எட்டி நின்றபடியே, குவித்த கைகளைப் பிரித்து அவளை நோக்கி உயர்த்தினார்.

"நீயாவது நல்லபடியாப் போயிட்டு, நல்லபடியாத் திரும்பி வா கண்ணு."