திரும்பிய தட்டு

'சேமி' என்ற பொத்தானின் மேல் சுட்டியை வைத்திருந்தான். அழுத்தவில்லை.

நான்கு நாட்களாக இப்படித்தான்.

ஒரே ஒரு வரியைத்தான் நீக்க வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் அவனே ஏற்றிய வரி.

அது ஈஸ்டைப் பற்றியது. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். ஒவ்வொரு வகையிலும் ஒரு மரபணுவை எடுத்துவிட்டு, எதனால் வாடுகிறது, எதனால் பிழைக்கிறது என்று ஊர் ஊராக ஆய்வகங்களில் சோதிக்கிறார்கள். வெளிவரும் ஆய்வுகளைப் படித்து இணையதளத்தில் ஏற்றுவது அவன் வேலை.

அந்த வரி சொன்னது இவ்வளவுதான். இந்த மரபணு இல்லாத ஈஸ்ட், இந்த வைட்டமினைக் கொடுத்தால் வளர்கிறது.

போன வாரம் அதே ஆய்வகம் மறுப்பு வெளியிட்டது. தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டை அன்று யாரோ முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். முதல் குழி கடைசிக் குழியாகிவிட்டது. வளர்ந்தது வேறொன்று. அதில் இந்த மரபணு பத்திரமாக இருந்தது.

இல்லாதது வளரவே இல்லை.

இணையதளத்தில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் யார் வேண்டுமானாலும் முகவரி கொடுத்துவைக்கலாம். ஏதாவது மாறினால் மின்னஞ்சல் போகும். மற்ற பக்கங்களில் பல்கலைக்கழக முகவரிகள்.

இதில் ஏழு பேர். ஏழு பேரும் தனிமனிதர்கள்.

ஒருத்தி தாராபுரத்துப் பூங்கோதை. மனிதரிலும் இருக்கும் இந்த மரபணுவில்தான் அவள் மகளுக்குப் பழுது. பிள்ளைக்கு அந்த வைட்டமினைக் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தாள். மருத்துவ ஆலோசனை தருவதில்லை என்ற வழக்கமான பதிலை அனுப்பினான்.

மறுநாளே எழுதினாள்.

"குடுத்துட்டுத்தானுங்க சார் இருக்கோம். கெடுதல் ஒண்ணும் இல்லைன்னு டாக்டரும் சொல்லிட்டாருங்க. நேத்து ஓவியா கரண்டியைத் தானாவே புடிச்சாளுங்க."

அதற்கு அவன் பதில் எழுதவில்லை.

மற்ற ஆறு பேரும் அவனுக்கு எதுவும் எழுதியதில்லை. அவர்களுக்கு என்ன பிள்ளைகள், எத்தனை வயது, தெரியாது. அது ஒரு வசதியாக இருந்தது.

பக்கத்து மேசையிலிருந்து ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா சார் அதையே பாத்துட்டு இருக்கீங்க? நீங்க அமுக்கலன்னா நாளைக்கு என்கிட்டதான் வரும். அந்தப் பாவத்தை என் தலையில கட்டிறாதீங்க."

சிரித்தபடிதான் சொன்னாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

முகவரிப் பட்டியலைத் திறந்தான்.

பூங்கோதையின் பெயருக்கு எதிரே இருந்த குறியை எடுத்தான்.

பிறகு அழுத்தினான்.

அறிவிப்பு அனுப்பப்பட்டது, ஆறு பேருக்கு.

ரெஜினா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாப்பிட வரவில்லையா என்று கேட்டாள். பிறகு வருகிறேன் என்றான்.

வரி இருந்த இடத்தில் இப்போது ஒரு குறிப்பு. தட்டு திரும்பியிருந்ததால் நீக்கப்பட்டது.

அஞ்சல் போகாவிட்டால் என்ன. பக்கம் திறந்துதான் கிடக்கிறது. யாரும் வரலாம், படிக்கலாம்.

அடியில் சிறிய எழுத்தில் ஒரு கணக்கு காட்டும். இந்தப் பக்கத்தை இப்போது பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று.

இரண்டு.

ஒருவர் அவன்.

மற்றவர் போய்விடட்டும் என்று காத்திருந்தான்.

வெகுநேரம் அந்த எண் குறையவில்லை.