சேர்மனின் மௌனம்

“எங்க வம்சத்துல சொத்தைப்பல்லே கிடையாது டாக்டரம்மா. இவளுக்கு எப்படி வந்துதோ,” என்றார் சேர்மன் சிவனணைந்தபெருமாள்.

“பல்லைக் குடைய வேண்டாம் அண்ணாச்சி. இந்த மருந்தைத் தடவினா சொத்தை அப்படியே நின்னுரும். ஆனா ஒண்ணு...”

மகள் முத்துச்செல்வி பயத்தில் வாயைத் திறக்க மறுத்தாள்.

“ஏட்டி, அப்பாவைப் பாரு. முதல்ல என் முன்பல்லுல தடவுங்கம்மா.”

“அண்ணாச்சி, சொல்லுததைக் கேளுங்க...”

“விளக்கமெல்லாம் எனக்கெதுக்கு? தடவுங்க.”

மறுநாள் குற்றாலம் சாரல் விழாவில், ஒரு மாதமாக மனப்பாடம் செய்த பேச்சைப் பேசாமல், வாயை மூடியபடி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார் சேர்மன்.

“என்ன அடக்கம் பாருங்க,” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

“அடக்கம் இல்ல மாமா,” என்று பக்கத்தில் இருந்த முத்துச்செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். கடைவாயில் ஒரு பல் கறுத்திருந்தது. “அந்த மருந்து சொத்தை இருக்க இடத்துல மட்டுந்தான் கறுக்குமாம். எனக்கு ஒண்ணு. அப்பாவுக்கு முன்பல்லுல நாலு.”