காற்று வேண்டுவோர் கை தூக்கவும்

பேச்சே இல்லாமல் முழுக்கப் பாடியே நடிக்கும் நாடகம் அது. ஆபரா என்றார்கள். மைக் கிடையாது, தொண்டைதான் எல்லாம். அதனால் பள்ளி அரங்கின் மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். சித்திரை வெயிலில் நானூறு பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து அந்தக் கிரேக்கக் கதையைப் பார்த்தார்கள். காற்றில்லாமல் மன்னனின் கப்பல்கள் கரையிலேயே கிடக்கின்றன. மகளைப் பலி கொடுத்தால் காற்று வரும் என்கிறது தெய்வம். மன்னனாகப் பாடிய தேவசகாயம், எல்லா ஊரிலும் செய்வதுபோலப் பாட்டை நிறுத்திக் கேட்டார்.

"சொல்லுங்க பிள்ளைகளா, எம்பொண்ணை வெட்டவா? வெட்டணும்னா கை தூக்குங்க."

எந்த ஊரிலும் ஒரு கைகூட எழுந்ததில்லை. பிள்ளைகள் "வேணாம்" என்று கத்துவார்கள், மகள் தப்பிவிடுவாள்.

இங்கே முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள். "வேர்த்துக் கொட்டுது சார். சீக்கிரம் வெட்டுங்க."

அவளைப் பார்த்து நானூறு கைகளும் எழுந்தன.

மகளாக நடித்த ஜெசிந்தா எதுவும் பாடாமல் தானே போய்ப் பலிபீடத்தில் படுத்துக்கொண்டாள். அட்டைக் கத்தி இறங்கியது. யாரோ விசிறிகளைப் போட்டார்கள். கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. பீடத்திலிருந்து தொங்கிய கூந்தல் காற்றில் மெல்ல அசைந்தது.

அந்தச் சிறுமி மட்டும் கைதட்டாமல், அந்தக் கூந்தலையே பார்த்தபடி தூக்கிய கையை இறக்க முயன்றாள். அது இறங்கவில்லை.