வராத வண்டி

“எங்கய்யா வண்டி? இம்மா நேரமா கூவிக்கினு கீறியே, கண்ணுக்குத் தெரியாத வண்டியா?”

மூட்டையோடு நின்ற பெரியவர் கேட்டதும் சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்த செவ்வந்திக்கு மானமே போயிற்று. காலி இடத்தில் நின்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தது அவள் புருஷன் கொளஞ்சியப்பன்.

“டேம், பரிகம், வெள்ளிமலை! வெள்ளிமலை, வெள்ளிமலேய்ய்!”

ஊர்ப்பேர் சொல்லி ஆள் ஏற்றிவிடுவதுதான் அவன் பிழைப்பு. இருபது வருஷமாக நேரம் தவறியதில்லை. நாலரை வண்டி என்றால் நாலரைக்குக் குரல் கிளம்பிவிடும்.

அந்தக் குரல்தான் செவ்வந்திக்கு எமன். பஸ் ஸ்டாண்ட் மதிலை ஒட்டியே அவர்கள் வீடு. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதற்குள் மகள் தங்கமணி ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலையில் இயற்பியல். நல்ல மார்க் வந்தால் இன்ஜினியரிங் காலேஜ். வராவிட்டால் அம்மாவோடு கடலைக் கூடைதான்.

அவள் கவனம் சிதறக்கூடாது என்று செவ்வந்தி செய்யாதது இல்லை. டிவியை மணலூர்பேட்டையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினாள். செல்போனை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பக்கத்து வீட்டு மிக்ஸியைக் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினாள். இன்று காலையில் மகளின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் கூடையைத் தூக்கினாள். புருஷன் தொண்டைக்கு மட்டும் பூட்டு கிடைக்கவில்லை.

டைம் கீப்பர் சின்னராசு நோட்டும் கையுமாக வந்தான்.

“அண்ணே, வண்டி டேம்கிட்ட பஞ்சராகி நிக்குதுன்னு அப்பவே சொன்னேனே? இன்னிக்கு அந்த ட்ரிப்பே இல்ல. தெரிஞ்சிக்கினே கூவுறீங்களே!”

“இந்த ஒரு தபாதான் தம்பி. முடிஞ்சிபோச்சி.”

“பஸ் ஓனர் காதுக்குப் போச்சின்னா நாளையிலேர்ந்து வேற ஆளைப் போட்டுடுவாரு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

சின்னராசு நகர்ந்ததும் செவ்வந்தி பாய்ந்து வந்தாள்.

“யோவ், குடிச்சிருக்கியா?”

“வாயை வேணும்னா மோந்து பாரேன்.”

“வண்டி இருக்கும்போது கத்தினா வயித்துப் பொழப்புன்னு பொறுத்துக்கினு கீறேன். இல்லாத வண்டிக்கு இன்னாத்துக்குய்யா கத்துற? புள்ளைக்கு விடிஞ்சா பரீட்சை! பெத்த அப்பனே அவ படிப்புல மண்ணள்ளிப் போடலாமா?”

கொளஞ்சியப்பன் கோபப்படவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டு சிரித்தான். குரல் ஏற்கெனவே பாதி கம்மியிருந்தது.

“என்னை அப்புறம் திட்டு. ஊட்டுக்குப் போயி அவ படிக்கிறாளான்னு பாத்துட்டு வா.”

“பாக்கத்தான் போறேன். அவ மட்டும் புக்கை மூடி வச்சிருக்கட்டும், இன்னிக்கு ராத்திரி உனக்குச் சோறு கெடையாது.”

ஒரு கை கடலையை முந்தானையில் முடிந்துகொண்டு மதிலைச் சுற்றி ஓடினாள். கதவைத் தள்ளினாள். புத்தகம் மூடிக் கிடந்தது. பஞ்சு இரண்டும் தரையில் கிடந்தன. தங்கமணி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கரித்துண்டால் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி பஞ்சைப் புடுங்கிப் போட்ட?”

“போம்மா. உன் பஞ்சால காலையில கச்சிராயபாளையம் போச்சி, சங்கராபுரமும் போச்சி. மதியத்துக்கு மேல அதைப் புடுங்கிப் போட்டுட்டுத்தான் ரெண்டையும் புடிச்சேன். நல்லவேளை, இப்ப வெள்ளிமலை நேரத்துக்கு முடிஞ்சிடுச்சி.”

“படிக்கச் சொன்னா பஸ்ஸை எண்ணிக்கினு இருந்தியா?”

தங்கமணி சிரித்துக்கொண்டே விலகி நின்றாள். சுவரில் வரிசையாக ஊர்ப்பேர்கள். இத்தனை நாளும் அது புருஷன் கிறுக்கி வைத்த வண்டிக் கணக்கு என்றே செவ்வந்தி நினைத்திருந்தாள். அஞ்சாவது வரை படித்தவள், இன்றுதான் கிட்டே போய் எழுத்துக் கூட்டினாள்.

கச்சிராயபாளையம் – காந்தவியல். சங்கராபுரம் – ஒளியியல். வெள்ளிமலை – அணுக்கரு. மூன்றிலும் குறுக்கே கோடு விழுந்திருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: ஆத்தூர் – மின்னணுவியல்.

“ஒம்பதாவதுலேர்ந்து இப்டித்தாம்மா. அப்பா ஒரு வண்டிக்குக் கூவுனா ஒரு பாடத்தை முடிக்கணும், அடுத்ததை எடுக்கணும். அந்தக் குரல் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு உக்காந்தா வேற நெனப்பே வராது. வண்டி வரலைன்னாலும் நேரத்துக்குக் கூவிடுப்பான்னு சொல்லி வச்சிருக்கேன்.”

செவ்வந்தி அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள். மகளை நினைத்து நெஞ்சு பூரித்தது. ஊரே சிரிக்க வெறும் இடத்தில் நின்ற அந்த மனுஷனை நினைத்து இன்னும் பூரித்தது. முந்தானையில் இருந்த கடலையை மகள் கையில் கொட்டிவிட்டு வந்த வழியே ஓடினாள்.

பொழுது சாயும்போது ஆத்தூர் வண்டி வந்து நின்றது. கொளஞ்சியப்பன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு, தவிப்போடு மதில் பக்கம் பார்த்தான்.

செவ்வந்தி கூடையை இறக்கி வைத்தாள். பஸ்ஸுக்கும் ஜனங்களுக்கும் முதுகைக் காட்டி, தன் வீட்டுக் கூரையைப் பார்த்துத் திரும்பி நின்று, பஸ் ஸ்டாண்டே அதிரக் கூவினாள்: “ஆத்தூர், ஆத்தூர், ஆத்தூரேய்ய்!”