கூட வந்தவன்

"அவனா? என் டிரைவர் மேடம்" என்று சிரித்தாள் லாராஸ்.

ஜன்னலுக்கு வெளியே, கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனைப் பற்றித்தான் கேட்டேன். தெகர் என்று பெயர், அவள் வகுப்புதான். செவ்வாய்க்கிழமைதோறும் அவளைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருப்பான்.

இந்தோனேசியாவின் மலாங் நகரில் இது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் பெண் பிள்ளைகள் வருவார்கள், பேசுவார்கள், அழுவார்கள். பையன்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு வருவதோடு சரி. இவன்களுக்கெல்லாம் மனசே கிடையாதா என்று எனக்கு நெடுநாளாக ஒரு குடைச்சல்.

லாராஸ் போன வாரம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அப்பா போனதிலிருந்து தூக்கம் வருவதில்லையாம். சாப்பாடு இறங்குவதில்லையாம். மழையில் பைக்கில் போனவள், பிரந்தாஸ் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

இவ்வளவையும் பாடம் ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள். கண்கூடக் கலங்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

"வீட்டுல யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"எப்படி மேடம் சொல்றது? அப்பாவுக்கு ஏழாம் நாள் துஆ ஓதி முடிஞ்சதும் சித்தப்பா தோள்ல தட்டி, 'இனிமே இந்த வீட்டுக்கு நீதான் ஆம்பளை, அழுதுட்டு நிக்காதே'ன்னுட்டாரு."

சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவனுடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"கெஞ்சிப் பாத்துட்டேன் மேடம், உள்ள வரமாட்டேங்கறான்" என்று கிசுகிசுத்தாள். "இது பொண்ணுங்க வர்ற இடமாம். நீங்க சொல்றதையெல்லாம் நான் போய்ச் சொல்லுவேன். கேட்டுக்குவான்."

அடப்பாவி! இத்தனை வாரமாக நான் தேற்றியது இவளை இல்லையா?

போய்க் கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிடுவான். அவன் வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்தப் பாலம்.

ஏசியை நிறுத்தினேன். ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டேன்.

"மேடம், வெளியே கேக்கும்."

"கேக்கட்டும்" என்றேன். பிறகு லாராஸையே பார்த்து, கொஞ்சம் உரக்கக் கேட்டேன். "அன்னிக்குப் பாலத்துல அப்படி நின்ன ஆளு, அப்புறம் எப்படி வீடு திரும்பினது?"

லாராஸ் திருதிருவென்று விழித்தாள். அதை அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

வெளியே பெஞ்ச் கிரீச்சிட்டது. காரியத்தைக் கெடுத்துவிட்டேன், போய்விட்டான் என்றே நினைத்தேன்.

"அம்மா போன் பண்ணாங்க மேடம்" என்றது ஜன்னலுக்குக் கீழிருந்து ஒரு குரல். "கேஸ் தீந்துபோச்சு, வர்ற வழியில சிலிண்டர் வாங்கிட்டு வாடான்னாங்க."

உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்கிக் குடுத்தியாப்பா?" என்றேன்.