விசிறித் துண்டு

கணவர் எசெல் வாழைப்பழப் புட்டிங் கிண்ணத்தோடு சோபாவில் வந்து உட்கார்ந்ததும் வெர்லீன் தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் அவர் டோமினோ ஆடப் போய்விடுவார். அவள் தனியாக உட்கார்ந்து தன் டிவி தொடரைப் பார்ப்பாள். இன்று மழை பிடித்துக்கொண்டது.

"போடேன். உன் செல்லப்பிள்ளை பாடற அழகை நானும்தான் பாக்கறேன்."

செல்லப்பிள்ளை என்றால் டேல் பர்விஸ். மெம்ஃபிஸிலிருந்து கிளம்பி, ராக் அண்ட் ரோலை நாடு முழுக்கக் கொண்டுபோனவன் என்று தொடர் சொல்கிறது. டேல் செத்துப் பல வருடமாகிவிட்டது. அவனாக நடிக்கும் பையனுக்கு அதே நீலக் கண், நெற்றியில் விழும் அதே ஒற்றைச் சுருள்முடி. வெர்லீன் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

"பேஸ்பால் பாக்கலாமே," என்றாள்.

"ஊரே மிதக்குது. இதுல எவன் பேஸ்பால் ஆடறான், கெழவி?"

அறுபது வருடமாக, எசெல் இருக்கையில் இந்த வீட்டில் டேல் பர்விஸின் குரல் முழுதாக ஒரு பாட்டுக்குக் கேட்டதில்லை. ரேடியோவில் வந்தால் எசெல் எழுந்து போய் அணைப்பார். திட்டமாட்டார். அணைப்பார், அவ்வளவுதான்.

காரணத்தை வெர்லீனிடம் மட்டும் சொல்லியிருந்தார், கல்யாணமான புதிதில்.

எசெலும் அப்போது பாடிக்கொண்டிருந்தவர்; ஒரு நாள் ஸ்டுடியோவில் தன் பாட்டைப் பதிவு செய்து முடித்துவிட்டுக் கிதாரோடு வெளியே வந்தார். அடுத்துப் பாட வந்த வெள்ளைக்காரப் பையன் தாழ்வாரத்தில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ட்ரம்ஸ் அடிப்பவன் வரவில்லை.

எசெல் தன் பையிலிருந்த சர்ச் விசிறியை எடுத்தார். சவப்பெட்டிக் கடைக்காரர்கள் தங்கள் பெயரை அச்சடித்து, வெயில் காலத்தில் சும்மா கொடுத்துவிட்டுப் போகும் அட்டை விசிறி. அதில் நீளமாக ஒரு துண்டைக் கிழித்து, பையனின் கிதார்க் கம்பிகளுக்கு நடுவே மேலும் கீழுமாகச் சொருகினார்.

"இப்ப அடிச்சுப் பாரு."

கிதார், ட்ரம்ஸ் போல 'சக் சக்' என்றது.

அந்தச் சத்தம்தான் டேல் பர்விஸை டேல் பர்விஸ் ஆக்கியது. எங்கே பிடித்தாய் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். ஒருமுறை பீல் தெருவில் எசெல் அவன் எதிரே போய் நின்றார். யாரோ என்று விலகிப் போய்விட்டான்.

'திருடினதுகூடப் பரவாயில்ல வெர்லீன். மறந்தே போயிட்டான்,' என்று அன்றைக்குச் சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

திரையில் இப்போது ஒரு தாழ்வாரம் வந்தது.

வெர்லீன் ரிமோட்டைத் தேடினாள். அது எசெலின் தொடைக்கு அடியில் இருந்தது.

சுருள்முடிப் பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மாவின் கைப்பை. அதிலிருந்து ஓர் அட்டை விசிறி எட்டிப் பார்த்தது. எடுத்தான். கிழித்தான். கம்பிகளுக்கு நடுவே சொருகினான்.

சக் சக்.

தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை.

எசெலின் கரண்டி அந்தரத்தில் நின்றது. வெர்லீன் அவர் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்தாள்.

"விசிறி," என்றார் எசெல். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். "விசிறிடி அது! மறக்கல பாத்தியா, திருட்டுப் பய! மறக்கவே இல்ல!"

"உன்னைக் காட்டவே இல்லையே," என்றாள் வெர்லீன்.

"காட்டாட்டி போறான். சாகறதுக்கு முன்னாடி எவன்கிட்டயோ சொல்லிட்டுத்தான் போயிருக்கான். அங்க நானும் அவனும்தான இருந்தோம்? அப்புறம் தெரிஞ்சது உனக்குத்தான். நீயா போய் சொல்லப்போறே?"

அந்த யோசனையே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. தம்பியைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படி அழுது வெர்லீன் பார்த்ததில்லை.

"போ. அந்த ரெக்கார்டை எடுத்துட்டு வா. கேப்போம்."

"எந்த ரெக்கார்டு?"

"தையல் மெஷினுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கியே, அதுதான். எனக்கென்ன, கண்ணு அவிஞ்சா போச்சு?"

வெர்லீன் உள்ளறைக்குப் போனாள். மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, உறையோடு ரெக்கார்டை இழுத்தாள். உறையில் டேல் பர்விஸ் சிரித்தான். ஹாலில் எசெல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

சக் சக். சக் சக்.

போன வசந்தத்தில், அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு அவள் ஆற்றோரம் இருக்கும் பழைய சர்ச்சுக்குப் போனாள். தொடரின் படப்பிடிப்புக்கு, தொப்பி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காரப் பெண்கள் வேண்டும் என்று ஆள் கேட்டிருந்தார்கள். இடைவேளையில் அந்தப் பையன் வேஷத்தோடு வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். நெற்றியில் சுருள். அவள் மடியிலிருந்த விசிறியை எடுத்து அவளுக்கு வீசிவிட்டான்.

அந்த நொடியில் அவளுக்கு மறுபடியும் பதினெட்டு வயது ஆகிவிட்டது. விசிறியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டுடியோ, தாழ்வாரம், கிழித்த துண்டு, கம்பி.

பையன் இன்னும் கிட்டே குனிந்தான்.

"அடேயப்பா! அது யாரோட யோசனைம்மா?"

நீலக் கண்கள் அத்தனை பக்கத்தில் இருந்தன.

"உன்னோடதுதான், டேல்," என்றாள் வெர்லீன்.